தமிழ்த்துறையை மூடிவிடுவார்களா, டீச்சர்?

வாசகர் கேள்வி – பதில்

காலேஜ் அட்மிஷன் நேரம் என்பதால் இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருந்தன. அதனால் சமையல், வீட்டு வைத்தியக் கேள்விகளை எல்லாம் அடுத்த இதழுக்கு ஒதுக்கி வைத்துவிட்டேன், கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

டீச்சர், நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை தமிழ் மீடியம், ப்ளஸ் டூவில் தமிழ் செகண்ட் லாங்குவேஜ். பி.ஏ. தமிழை முதல் ஆப்ஷனாகக் கொடுக்க ஆசை. மாமா, "அந்தத் துறையை எல்லாம் இன்னும் அஞ்சு வருஷத்தில் மூடிவிடுவார்கள், அதில் போய் ஏன் விழுகிறாய்" என்கிறார். கேரளத்தில் தமிழ்த்துறைக்கு என்ன வரலாறு இருக்கிறது? தேய்ந்துபோன மொழித்துறை திரும்ப எழுந்ததாக எங்கேயாவது உண்டா?
– ஒரு மாணவி, வேலந்தாவளம், பாலக்காடு மாவட்டம்

கண்ணு, மாமாவிடம் கோபித்துக்கொள்ளாதே. அவர் பார்த்ததைத்தான் சொல்கிறார், நானும் பார்த்திருக்கிறேன். நான் வேலை பார்த்த எல்லையோரக் கல்லூரி ஒன்றில் ஒரு வருஷம் முதலாண்டுத் தமிழ் வகுப்பில் மொத்தமே ஏழு பேர். அதற்கு முந்தைய வருஷம் மூத்த ஆசிரியர் ஒருவர் ஓய்வு பெற்றிருந்தார், அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை, கெஸ்ட் லெக்சரர் ஒருவர் ஜூலையில் வந்து மார்ச்சில் போய்விடுவார், அடுத்த ஜூலையில் வேறொருவர் வந்து முதல் பாடத்திலிருந்து தொடங்குவார். துறையை மூடுகிறோம் என்று யாரும் உத்தரவு போடவில்லை. ஆசிரியர் இல்லையென்று பிள்ளைகள் வரவில்லை, பிள்ளைகள் இல்லையென்று ஆசிரியர் போடவில்லை, அவ்வளவுதான். மொழித்துறைகள் பெரும்பாலும் இப்படித்தான் சத்தமில்லாமல் தேய்கின்றன.

இந்தச் சுற்று உடையுமா என்பதுதான் உன் கேள்வி. உடையும், நம் கேரளத்திலேயே உடைந்திருக்கிறது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

பல்கலைக்கழகம் என்று ஒன்று வருவதற்கு முன்பே திருவனந்தபுரத்தில் தமிழ் ஆராய்ச்சி இருந்தது. 'நீராருங் கடலுடுத்த' பாட்டு நமக்கெல்லாம் தெரியும். அதை எழுதிய சுந்தரம் பிள்ளை ஆலப்புழையில் 1855-ல் பிறந்தவர், திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவம் சொல்லிக்கொடுத்தவர். அந்தப் பாட்டு அவருடைய மனோன்மணீயம் நாடகத்தின் தொடக்கத்தில் வருகிறது, நாடகம் வெளிவந்தது 1891-ல். அதோடு நிற்கவில்லை அவர். கல்வெட்டுகளைத் தேடிப் படித்துத் திருவிதாங்கூரின் பழைய மன்னர்களுக்குக் காலம் குறித்தார், திருஞானசம்பந்தரின் காலத்தை ஆராய்ந்து எழுதினார். 42 வயதில், 1897-ல் போய்விட்டார். தத்துவ வாத்தியார் ஒருவர், துறை என்று பெயர்ப்பலகை கூட இல்லாத காலத்தில் செய்த வேலை இது.

திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் 1937-ல் தொடங்கியது. 1940-களில் காரைக்குடி வள்ளல் அழகப்பச் செட்டியார் கொடுத்த நன்கொடையால் அங்கே தமிழ்த்துறை வந்தது. அந்த நாளில் அந்தத் துறைக்குப் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. நாகர்கோவில், தக்கலை, குழித்துறை, செங்கோட்டை எல்லாமே திருவிதாங்கூருக்குள் இருந்தன. அப்புறம் 1956 நவம்பர் 1 வந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களும் செங்கோட்டைப் பகுதியும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தமிழர்கள் போராடிப் பெற்றது அது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையின் இடத்தில் நின்று பார், அதற்குச் சோறு போட்ட வயல் முழுக்க ஒரே நாளில் வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அடுத்த வருஷம் பல்கலைக்கழகத்தின் பெயரும் கேரளப் பல்கலைக்கழகம் என்று மாறியது. மலையாளம் பேசும் மாநிலத்தின் தலைநகரில், பிள்ளைகள் வரும் ஊர்களை இழந்த ஒரு தமிழ்த்துறை. உன் மாமா அப்போது இருந்திருந்தால் அஞ்சு வருஷம் கூடத் தாங்காது என்றுதான் சொல்லியிருப்பார், நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

அந்த இடத்தில்தான் வ.அய். சுப்பிரமணியம் வருகிறார். நாகர்கோவில் வடசேரிக்காரர், 1926-ல் பிறந்தவர். அமெரிக்காவில் இந்தியானா பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. முடித்தார். எதை ஆராய்ந்தார் தெரியுமா, தன் சொந்த மண்ணான நாஞ்சில் நாட்டில் பேசும் தமிழை. வீட்டுத் திண்ணையில் பேசுவதைக் கடல் கடந்து கொண்டுபோய் அறிவியலாகப் படிக்கலாம் என்று காட்டிவிட்டுத் திரும்பி வந்து, இங்கே துறைக்கு ஒரு பெரிய வேலையைக் கொடுத்தார். சங்க இலக்கியத்தை எடுத்து, ஒவ்வொரு சொல்லும் எந்தப் பாட்டில், எந்த வரியில், எந்த வடிவில் வருகிறது என்று அட்டவணை போடுவது, அதிலிருந்து அந்த நூலின் இலக்கணத்தை எழுதுவது. புறநானூற்றுக்கு அவர் செய்த சொல்லடைவு 1962-ல் வந்தது. சொல்லடைவு என்பது என்னவோ ஏதோ என்று பயப்படாதே. 'யாழ்' என்ற சொல் புறநானூற்றில் எங்கெல்லாம் வருகிறது என்று கேட்டால் பக்கத்தைத் திறந்து உடனே சொல்லலாம், அவ்வளவுதான். ஆனால் கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் கிட்டத்தட்ட 400 பாட்டுக்கும் அதைக் கையால் சீட்டுச் சீட்டாக எழுதி அடுக்கிப் பார், அப்போது தெரியும். அவருடைய வழியில் வந்த மாணவர்கள் ஐங்குறுநூறு, சிலப்பதிகாரம் என்று ஒவ்வொன்றாக எடுத்து இலக்கண ஆய்வு செய்தார்கள். சங்க இலக்கியத்தைத் தேதி, சொல், வடிவம் என்று கறாராகப் படிக்கிறவர்கள் இந்த நூல்களைத் தேடித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தது.

1963-ல் மொழியியலுக்கென்று தனித்துறையே வந்தது. 1971-ல் திராவிட மொழியியற் கழகம், மறு வருஷம் அதன் ஆங்கில ஆய்விதழ், 1977-ல் பன்னாட்டுத் திராவிட மொழியியல் பள்ளி, எல்லாம் திருவனந்தபுரத்தில். 1981-ல் தஞ்சாவூரில் தமிழ்ப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது, முதல் துணைவேந்தர் யார் என்று தமிழ்நாட்டு அரசு தேடிப் பிடித்த ஆள், கேரளத்துத் தமிழ்த்துறையிலிருந்து வந்த இதே வ.அய்.சு.தான். எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் பெருமையாக இருக்கும். வயலை இழந்த துறை, தாய் மாநிலத்துக்கே விதைநெல் கொடுத்தது.

இதிலிருந்து நான் புரிந்துகொண்டது இது. பாவப்பட்டுக் காப்பாற்றுங்கள் என்று கேட்கும் துறையை யாரும் ரொம்ப நாள் காப்பாற்ற மாட்டார்கள். அந்தத் துறையிடம் வந்தால்தான் கிடைக்கும் என்று ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். அங்கே சொல்லடைவு இருந்தது, மொழியியல் இருந்தது, நாலு திராவிட மொழிக்காரர்களும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தமிழ் தெரியாமல் மலையாளத்தின் பழைய வரலாற்றை எழுத முடியாது என்பது மலையாள அறிஞர்களுக்கும் தெரியும். இளங்குளம் குஞ்ஞன் பிள்ளை மலையாளப் பேராசிரியர், அவர் கேரள வரலாற்றை எழுதுவதற்குச் சங்க இலக்கியத்தையும் கல்வெட்டையும்தான் கையில் எடுத்தார். பதிற்றுப்பத்து முழுக்கச் சேர மன்னர்கள், வேறு எங்கே போவார்கள்?

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ வேலந்தாவளம் பெண். வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், பஸ்ஸில் இரண்டும். தமிழ்நாட்டில் பி.ஏ. தமிழ் படிக்கிற பிள்ளைக்கு இந்த வசதி கிடையாது. தமிழ் எடு, கூடவே மலையாளத்தை எழுதப் படிக்கப் பிழையில்லாமல் பழகிக்கொள், எம்.ஏ.வுக்கு மொழியியல் பக்கமும் ஒரு கண் வை. கேரள அரசு வேலைக்கு ஆள் எடுக்கும் பி.எஸ்.சி.யில் தமிழ் ஆசிரியர் பணிக்கும் தமிழ் மீடியம் பள்ளிப் பணிகளுக்கும் அறிவிப்பு வரும்போது எழுது, கல்லூரி ஆசிரியராவதற்கான நெட் தேர்வும் எழுது, மொழிபெயர்ப்பையும் விட்டுவிடாதே, இரண்டு மொழியும் சுத்தமாகத் தெரிந்தவர்கள் உண்மையிலேயே குறைவு. வேலை உடனே கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன், சில சமயம் காலியிட அறிவிப்புக்கு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும், அதையும் தெரிந்துகொண்டே சேர். மாமாவிடம் இந்தப் பக்கத்தைக் காட்டு. அப்புறமும் அவருக்கு மனசு ஆறவில்லையென்றால் எனக்குப் போன் போடச் சொல், நானே பேசுகிறேன்.

*

தமிழ் லெக்சிகன் வையாபுரிப் பிள்ளை திருவனந்தபுரத்தில் பேராசிரியராக இருந்தாரென்று கடைக்கு வந்த ஒருவர் சொன்னார். உண்மையா?
– ஒரு வியாபாரி, சாலை பஜார், திருவனந்தபுரம்

உண்மைதான் அண்ணாச்சி. 1951 முதல் 1954 வரை திருவிதாங்கூர் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையில் இருந்தார். உங்கள் ஊர் அவருக்குப் புதிதும் இல்லை, சின்ன வயதில் அங்கே வக்கீலாகத் தொழில் செய்திருக்கிறார். 1926-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் லெக்சிகன் என்ற அந்தப் பேரகராதியின் பொறுப்பை ஏற்று, 1936-ல் முடித்தார், பின்னால் வந்த அனுபந்தத்தையும் சேர்த்தால் 1,17,000 சொற்களுக்கு மேல். அதற்குப் பிறகு சங்க இலக்கியம் முழுவதையும் ஒரே தொகுப்பாக 1940-ல் பதிப்பித்தார். இத்தனையும் செய்துவிட்டு, அறுபது வயதில் திருவனந்தபுரம் வந்து துறையில் உட்கார்ந்தார். 1956-ல் காலமானார். அவர் சேர்த்து வைத்த புத்தகங்கள் இன்று கல்கத்தா தேசிய நூலகத்தில் இருக்கின்றன. சாலை வீதியில் அவர் நடந்திருப்பார் என்று நினைத்துப் பாருங்கள், அண்ணாச்சி.

*

எங்கள் குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஊரில் பாதிப் பேர் வீட்டில் தமிழ் பேசுகிறோம். ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கும் அந்தக் கட்டடத்துக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கிறது. இது எதற்காக வந்தது?
– ஒரு வாசகர், குப்பம், சித்தூர் மாவட்டம்

ஐயா, குப்பம் எங்கே இருக்கிறது என்று பார்த்தாலே பாதி பதில் வந்துவிடும். ஆந்திரம், தமிழ்நாடு, கர்நாடகம் மூன்றும் முட்டுகிற மூலை. சந்தைக்குப் போனால் மூன்று மொழியும் காதில் விழும். 1997-ல் ஆந்திர அரசு சட்டம் போட்டுத் தொடங்கியது அந்தப் பல்கலைக்கழகத்தை, தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம் மூன்றும் ஒத்துழைத்தன. திராவிட மொழிகளைத் தனித்தனியாகப் படிக்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க ஓர் இடம் வேண்டும் என்பதுதான் எண்ணம். முதல் பதிலில் சொன்ன வ.அய்.சு. இதற்குப் பின்னாலும் இருந்தார், இணைவேந்தராக இருந்தார். திருவனந்தபுரத்தில் போட்ட விதை குப்பத்தில் முளைத்தது என்று சொன்னால் தப்பில்லை.

உங்கள் வருத்தம் எனக்கு நன்றாகப் புரிகிறது. நாலு மாநிலம் சேர்ந்து செய்யும் காரியத்தில் ஒரு சிக்கல் எப்போதும் உண்டு, எல்லாருக்கும் சொந்தமான கிணற்றுக்குத் தூர்வாரும் முறை யாருடையது என்பது. மொழித்துறைக்கு வருஷா வருஷம் ஆசிரியர் சம்பளம், நூலகச் செலவு, ஆய்வு மாணவர் உதவித்தொகை எல்லாம் வந்துகொண்டே இருக்க வேண்டும். திறப்பு விழாவன்று இருக்கும் அக்கறை இருபது வருஷம் கழித்தும் நாலு தலைநகரங்களிலும் இருக்க வேண்டுமென்றால், அதைக் கேட்டுக்கொண்டே இருக்கிற உள்ளூர்க்காரர்கள் வேண்டும். அதனால் நீங்கள்தான் கேட்க வேண்டும் ஐயா. குப்பம், நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கம் தமிழ் படிக்கிற பள்ளிப் பிள்ளைகளை ஒருநாள் அந்த வளாகத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், நூலகத்தைப் பார்க்க வேண்டும் என்று கடிதம் எழுதிக் கேளுங்கள். திருப்பதியில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்திலும் தமிழ்த்துறை உண்டு, அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1960-ல் திருத்தணி தமிழ்நாட்டுக்கும் சத்தியவேடு ஆந்திரத்துக்கும் என்று கோடு மாறியபோது மனிதர்கள் இருந்த இடத்திலேயேதான் இருந்தார்கள், அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்குத்தான் இந்தத் துறைகள்.

*

உலகத்தில் எங்கேயாவது மொழித்துறையை நிஜமாகவே பூட்டிவிட்டு, அப்புறம் திறந்து, நன்றாக வந்ததுண்டா?
– ஒரு பள்ளி ஆசிரியை, அகளி, அட்டப்பாடி

உண்டு டீச்சர், அதில் உங்கள் அட்டப்பாடிக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது.

செக் நாட்டின் பிராகா நகரத்தில் 1348-ல் தொடங்கிய சார்லஸ் பல்கலைக்கழகம் இருக்கிறது. நாஜிகள் அந்த நாட்டைப் பிடித்த பிறகு, 1939 நவம்பர் 17 அன்று செக் உயர்கல்வி நிறுவனங்கள் எல்லாவற்றையும் இழுத்து மூடினார்கள், மாணவர் தலைவர்களைச் சுட்டுக் கொன்றார்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை வதை முகாமுக்கு அனுப்பினார்கள். 1945 வரை திறக்கவில்லை. அந்த நவம்பர் 17 அன்று பிராகாவில் ஒரு பையனுக்குப் பன்னிரண்டாவது பிறந்தநாள். அவர்தான் பின்னாளில் தமிழ் இலக்கிய வரலாற்றை உலகத்துக்கு எழுதிச் சொன்ன கமில் சுவலெபில். போர் முடிந்து திறந்த பல்கலைக்கழகத்தில் படித்தவர், அங்கேயே தமிழும் சொல்லிக்கொடுத்தார். 1968-ல் சோவியத் தலைமையிலான படைகள் நுழைந்தபோது நாட்டை விட்டு வெளியேறினார். சரி, தமிழ் அத்தோடு போச்சு என்றுதானே நினைப்போம்? இல்லை. யாரோஸ்லாவ் வாசெக் என்பவர் சமஸ்கிருதத்தோடு தமிழையும் அங்கே பிடித்துக்கொண்டார், 2017-ல் அவர் காலமாகும் வரை பிராகாவில் அந்த இழை அறவில்லை.

உங்கள் ஊர்த் தொடர்பு என்னவென்றால், சுவலெபில் நீலகிரி இருளர்களின் மொழியைப் பற்றி மூன்று பாகமாக நூல் எழுதினார், 1973-ல் முதல் பாகம். உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிற இருளர் பிள்ளைகள் வீட்டில் பேசுவது அந்த மொழியோடு சேர்ந்ததுதான். ஐரோப்பாவில் ஒருவர் அதற்காக இத்தனை வருஷம் செலவழித்திருக்கிறார் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருவர் மொழியியல் படித்துத் தன் மொழியைத் தானே எழுத வேண்டும் என்பது என் ரொம்ப நாள் ஆசை. அப்படி ஒரு பிள்ளையைக் கண்டால் எனக்கு எழுதுங்கள்.

*

மூணாறு எஸ்டேட்டில் வேலை செய்கிறேன். எங்கள் லயத்துப் பிள்ளைகளை எல்லாம் இங்கிலீஷ் மீடியத்துக்கு மாற்றுகிறார்கள், தமிழ் மீடியம் வகுப்பில் ஆள் குறைகிறது. நானும் என் மகளை மாற்றலாமா என்று யோசிக்கிறேன். காலேஜில் தமிழ்த்துறை இருப்பதும் இல்லாததும் எங்களைப் போன்றவர்களுக்கு என்ன?
– ஒரு தந்தை, மூணாறு

தம்பி, இந்தக் கடிதத்தை இரண்டு மூன்று தடவை படித்தேன். மகளை எங்கே சேர்ப்பது என்பது உங்கள் முடிவு, அதைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. கஷ்டப்பட்டு உழைக்கிறவர் தன் பிள்ளைக்கு எது நல்லதென்று பார்க்கத்தான் செய்வார்.

ஆனால் காலேஜ் துறைக்கும் உங்களுக்கும் என்ன என்று கேட்டீர்களே, அதற்குப் பதில் சொல்கிறேன். உங்கள் மகளின் பள்ளிக்குத் தமிழ் மீடியத்தில் கணக்கு சொல்லித்தரும் டீச்சர் எங்கிருந்து வருவார்? தமிழ்ப் பாடப்புத்தகத்தை எழுதுகிறவர், கேள்வித்தாளைத் தமிழில் பிழையில்லாமல் கொடுக்கிறவர் எங்கிருந்து வருவார்? இவர்கள் எல்லாம் ஏதோ ஒரு கல்லூரித் தமிழ் வகுப்பில் உட்கார்ந்து வந்தவர்கள். அந்த வகுப்புக்குப் பிள்ளைகள் உங்கள் லயத்துப் பள்ளியிலிருந்து போக வேண்டும். முப்பது வருஷம் வகுப்பெடுத்து நான் கண்டது, ஆரம்பப் பள்ளியில் தமிழ் வகுப்பு ஒன்று கலைந்தால், பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் அது காலேஜில் தெரியும். அப்போது போய்த் துறையைக் காப்பாற்று என்று கூட்டம் போட்டுப் பயனில்லை.

இன்னொன்று. தாய்மொழியில் ஆரம்பக் கல்வி என்பது அரசியல் சட்டம் 350-ஏ பிரிவில் இருக்கிறது, 1956-ல் சேர்த்தது. கேரள ஆட்சி மொழிச் சட்டம் 1969, தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுக்குத் தங்கள் மொழியில் எழுதலாம், பதிலும் அந்த மொழியிலேயே வர வேண்டும் என்கிறது. உங்கள் பள்ளியில் தமிழ் ஆசிரியர் இடம் காலியென்றால் அதைத் தமிழிலேயே எழுதி அனுப்புங்கள், பெற்றோர் ஆசிரியர் சங்கமான பி.டி.ஏ. சார்பில் எழுதினால் இன்னும் நல்லது, நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெற்றோர் எழுதினால் ஃபைலுக்குள் போகும், நாற்பது பெற்றோர் கையெழுத்துப் போட்டால் யாராவது திறந்து பார்ப்பார்கள்.

2018 மண்சரிவில் மூணாறு அரசுக் கல்லூரிக் கட்டடம் போனது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கட்டடம் போன பிறகும் வேறு இடத்தில் வகுப்பு நடந்தது. கட்டடம் இல்லாமல் கூடச் சமாளித்துவிடலாம் தம்பி, பிள்ளைகள் இல்லாமல் முடியாது. மகளை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தாலும் தமிழை ஒரு பாடமாக விடாமல் எடுக்க வையுங்கள். இது என் வேண்டுகோள்.

*

நான் மலையாளி. அம்மம்மா தமிழ். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் அரசுக் கல்லூரியில் வேறு பாடம் மேஜராக எடுத்துவிட்டுத் தமிழை மைனராக எடுக்க முடியுமா?
– ஒரு மாணவன், தத்தமங்கலம்

2024 ஜூலையில் கேரளத்தில் நாலு வருஷ டிகிரி வந்த பிறகு இந்த வழி திறந்திருக்கிறது மோனே, கல்லூரியில் தமிழ்த்துறை இருந்து, உன் டைம்டேபிளும் ஒத்துவந்தால் எடுக்கலாம். சித்தூர் கல்லூரி 1947-லிருந்து இருக்கிறது, தமிழுக்கும் பேர் போன இடம். அதே ஊரில்தான், சோகநாசினி ஆற்றங்கரையில், துஞ்சத்து எழுத்தச்சன் தன் கடைசிக் காலத்தைக் கழித்தார். மலையாளத்தின் தந்தை என்று நீங்கள் கொண்டாடுகிறவர் இருந்த ஊரில் நீ போய்த் தமிழ் படிக்கப் போகிறாய், எனக்கு ரொம்ப சந்தோஷம். அட்மிஷன் நாளன்று அவசரமாக ஃபார்மை நிரப்பாமல், ஒருநாள் முன்னாலேயே துறைக்கு நேரில் போய் அங்கிருக்கும் ஆசிரியரிடம் எந்த மைனர் பேப்பர் இந்த வருஷம் நடத்துகிறார்கள் என்று கேட்டுக்கொள். தமிழ் எழுத்து தெரியவில்லையென்று தயங்க வேண்டாம். மலையாளம் எழுதுகிற கைக்குத் தமிழ் எழுத்து இரண்டு வாரத்தில் வந்துவிடும், அம்மம்மாவிடம் நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து உட்காரவை.